நோட்டைக் கேட்ட அக்காவுக்கு

அக்கா,

நம் பறவை நோட்டுகளை அனுப்பப் போவதில்லை. அப்பாவின் வருடத் திதி முடிந்த கையோடு முடிவு செய்துவிட்டேன். அவை இந்த வீட்டில்தான் இருக்கும். பதிலுக்கு உள்ளே இருப்பதையெல்லாம், பறவை பார்ப்பவர்கள் பட்டியல் போடும் ஈபேர்டு இணையதளத்தில் ஏற்றுகிறேன். நீ எந்த ஊரில் இருந்தும் பார்த்துக்கொள்ளலாம். வீடு, பங்கு பற்றிய பேச்சு இங்கே வேண்டாம். நம் சொந்தத்தில் நாலு பேர் இதைப் படிக்கிறார்கள், உனக்கே தெரியும்.

ஏற்றுகிற வேலை லேசில் முடிவதாக இல்லை. நோட்டில் இருப்பது ஆண்டுப்பட்டியல்: ஜனவரி 1 தொடங்கி, ஒவ்வொரு பறவையும் தோட்டத்திலிருந்து முதலில் தென்பட்ட தேதி. ஈபேர்டு கேட்பது ஒரு நாள், ஓர் இடம், அன்று அங்கே என்னென்ன என்பது. அதனால் நோட்டின் ஒவ்வொரு தேதியும் தனிப் பட்டியலாகிறது. பறவை பார்க்கவென்றே உட்கார்ந்து, தேதியை மட்டும் எழுதி நேரத்தை விட்டிருந்தால் 'ஹிஸ்டாரிக்கல்' என்ற வகை. துணி காயப்போடும்போது கண்ணில் பட்டது 'இன்சிடென்டல்'. எண்ணிக்கை எழுதாத இடத்தில் 1 என்று போடக்கூடாது, 'எக்ஸ்' போட வேண்டும். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு 'இல்லை' என்பதே பதில். 'ஆம்' என்று தட்டினால், கொண்டலாத்தி மட்டும் எழுதியிருக்கும் மார்ச் 3ஐ வைத்து, அன்று வடவள்ளியில் காக்காயே இல்லை என்று கணக்கில் ஏறிவிடும். 'மார்ச் முதல் வாரம்' என்று இருப்பவற்றை ஏற்ற வழியில்லை. நாள் கேட்கும். உத்தேசமாக ஒன்றைப் போடுவதைவிட விட்டுவிடுவது மேல். ஏற்றும் இடத்தின் பெயர் எல்லோர் கண்ணிலும் படும் என்பதால் கதவு எண் இல்லாமல் 'வடவள்ளி, வீட்டுத் தோட்டம்' என்று மட்டும் வைத்திருக்கிறேன்.

உன் பக்கங்களில் இந்தத் தொல்லை குறைவு. தேதி, மரம், வெயிலா மேகமா, கூடவே ஓரத்தில் வாலின் படம். பனை உழவாரனையும் நாட்டு உழவாரனையும் நீ குழப்பியதே இல்லை: நீண்டு பிளந்த வால் ஒன்றுக்கு, இடுப்பில் வெள்ளைப் பட்டை மற்றதற்கு. கரிச்சானா சாம்பல் கரிச்சானா என்று சந்தேகம் வந்த இடங்களில் 'கண் சிவப்பு' என்று குறித்திருக்கிறாய். அந்த இரண்டு சொல் இல்லாவிட்டால் அந்த வரி எதற்கும் ஆகாது. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது உன் மேல் இருக்கிற கோபமெல்லாம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

பிறகு அந்த அக்டோபர் பக்கம் வருகிறது.

'ஆறுமணிக்குருவி. குரல் மட்டும். மாலை 6.05. கருவேப்பிலைக்கு அடியிலிருந்து. இரட்டை விசில், மூன்று முறை. மறுநாள் காலையும்.' அப்பாவின் கையெழுத்து. அதன் மேல் ஸ்கேல் வைத்து நீ இழுத்த கோடு. பக்கத்தில் 'பார்த்தால்தான்' என்று சிவப்பு மையில். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கோடு இழுத்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அவ சட்டம்" என்று எழுந்து போனார்.

நான் அந்த வரியை உன்னைக் கேட்காமல் ஏற்றிவிட்டேன். மன்னித்துக்கொள். ஆனால் கேட்டிருந்தால் நீ ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய், அதனால்தான் கேட்கவில்லை.

நியாயத்தையும் கேள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் பறவை ஆறுமணிக்குருவி. இரவில் பயணம். அக்டோபரில் களைத்துப்போய் ஊர்த் தோட்டங்களில் இறங்கும், சில சமயம் சுவரிலோ கண்ணாடியிலோ மோதியும் விழும். பகலெல்லாம் புதருக்கடியில் தரையோடு தரையாகச் சருகைப் புரட்டிப் புழு தேடும். வாய் திறப்பது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான். அதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் முதலில் சருகைப் பெருக்காமல் விட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் ஓர் இலை கிடக்க விட்டாயா நீ? அப்பா கேட்டது குண்டுகரிச்சானாக இருக்கும், அது மற்ற குரல்களைத் தன் பாட்டில் கலக்கும் என்று சொல்வாய். கலக்கும்தான். ஆனால் அது உரக்கப் பாடுவது இனப்பெருக்கக் காலத்தில், உயரமான கிளையில் உட்கார்ந்து. அக்டோபர் அந்தியில், தரையிலிருந்து, அதே இரண்டு சுரத்தை மட்டும் விட்டு விட்டு ஊதாது. நேரம், இடம், எத்தனை முறை என்று அப்பா எழுதியது இதற்காகத்தான். ஈபேர்டு குரலையும் ஏற்கும். குறிப்புப் பெட்டியில் அவர் வார்த்தைகளை அப்படியே போட்டிருக்கிறேன்.

கண்ணை நம்பிய உன் வரி ஒன்றையும் சொல்கிறேன், கோபப்படாதே. 'வல்லூறு, ஜூலை, சப்போட்டா மரம், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் துரத்தின.' சாம்பல் முதுகு, பட்டை போட்ட வால், சிறு பறவைகளின் கூச்சல். இவ்வளவும் அக்காக்குயிலுக்கும் பொருந்தும். அது வல்லூறைப் போலவே பறக்கும், வல்லூறைப் போலவே உட்காரும், தவிட்டுக்குருவியின் கூட்டில்தான் முட்டையும் இடும். அலகு கொக்கியாக வளைந்திருந்ததா, கால் நகங்கள் கூராக வளைந்திருந்தனவா என்று நீ எழுதவில்லை. அந்த ஒரு தடவை படமும் போடவில்லை. எந்தப் பெயரில் ஏற்றுவது? வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன். பார்த்தது வெளியே, கேட்டது உள்ளே. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

உன் சட்டத்துக்கு வேறொரு விலையும் உண்டு. அந்தக் கோட்டுக்குப் பிறகு அப்பா குரல் கேட்ட எதையும் எழுதவில்லை. கூகை இல்லை, பக்கி இல்லை. ராத்திரியில் கத்துவதெல்லாம் நம் தோட்டத்தை விட்டே போய்விட்டது போலப் பட்டியல் காட்டுகிறது. பிறகு நீ கல்யாணமாகிப் போனாய். நோட்டு பாதி வருடத்தில் நின்றது, அடுத்த பக்கங்கள் வெள்ளை. நானோ அப்பாவோ தொடர்ந்திருக்கலாம் என்பாய். உன் நோட்டு என்று யாரும் தொடவில்லை. இப்போது யாராவது அதைப் பார்த்து அந்த வருடம் சிட்டுக்குருவி வரவில்லை என்று முடிவுகட்டினால் என்ன சொல்ல? வரவில்லையா, பார்க்க ஆளில்லையா, வெள்ளைத்தாள் சொல்லாது. அதனால் அந்த வருடத்துக்கு எதுவும் ஏற்றவில்லை.

ஆனால் ஒன்று. நீ ரப்பர் போட்டு அழிக்கவில்லை, காகிதத்தைக் கிழிக்கவில்லை. ஒற்றைக் கோடுதான் போட்டாய். அதனால்தான் அடியில் இருப்பதை இன்று படிக்க முடிகிறது. புதிய நோட்டிலும் அதே முறைதான்: தப்பானாலும் ஒற்றைக் கோடு, பக்கத்தில் காரணம்.

புதிய நோட்டில் மாற்றியவை இவை. முதல் தேதியோடு கடைசித் தேதிக்கும் ஒரு பத்தி. வலசைப் பறவைக்குப் பாதிச் செய்தி அதில்தான் இருக்கிறது. பழுப்புக் கீச்சான் எப்போது வந்தது என்று நம்மிடம் உண்டு, ஏப்ரலில் எந்த வாரம் கிளம்பியது என்று ஒரு வருடத்துக்கும் இல்லை. பார்த்தது, கேட்டது, மேலே பறந்து போனது என்று மூன்று குறி. நாம் நிற்கிற இடம் தோட்டமாக இருந்தால் போதும், பறவை அடுத்த வீட்டுத் தென்னையில் இருந்தாலும் கணக்கு. கதிர்குருவிகளில் இனம் பிரிக்க முடியாததை 'கதிர்குருவி, இனம் தெரியவில்லை' என்றே எழுதுவது. ஈபேர்டிலும் அதற்கு இடமுண்டு. ஞாயிறு காலையில் மட்டும் 15 நிமிடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து காகம் முதல் எல்லாவற்றையும் எண்ணுவது. அந்தப் பட்டியலுக்குத்தான் 'ஆம்' என்று தட்டலாம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கும் பிப்ரவரியில் வரும் பறவைக் கணக்கெடுப்புக்கும் அதே முறை போதும்.

உன்னிடமிருந்து ஒன்று வேண்டும். மாமரம் இருந்தபோது நீ எடுத்த அரசவால் ஈப்பிடிப்பான் படம், வெள்ளை ஆண். நோட்டில் 'டிசம்பர்' என்று மட்டும் இருக்கிறது. படம் உன் பழைய போனில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சும்மா படமாக அனுப்பாதே, அதோடு இருக்கும் தேதி போய்விடும். டாக்குமென்டாக அனுப்பு, இல்லை மெயிலில் போடு. போன் ஆன் ஆகவில்லை என்றால் சார்ஜரைப் போட்டு அரை மணி நேரம் வைத்துப் பார். அப்படியும் ஆகாவிட்டால் கூரியரில் போடு, இங்கே எடுத்துக்கொள்கிறேன்.