ஆடும் பல்செட்டைப் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். பேத்தியின் திருமணச் செய்தி கண்டு மகிழ்ந்தேன். அதற்கு நடுவே, கீழ்த்தாடைப் பல்செட் ஆடுவதாகவும், முறுக்கைக் கடித்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்வதாகவும், வலப்புறக் கொக்கி மாட்டிய பல் லேசாக அசைவதாகவும் எழுதிவிட்டு, புதிதாகவே செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. உன் பல்செட் அப்படியே இருக்க, அதன் அடியில் உள்ள ஈறும் எலும்பும்தான் மாறியிருக்கும் என்பது என் ஊகம்.

பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு முதல் ஓராண்டில் வேகமாகவும், அதன்பின் மெதுவாகவும் கரைந்துகொண்டே போகும். முழுப் பல்செட் அணிந்தவர்களை நெடுங்காலம் கவனித்து டால்கிரன் 1972இல் வெளியிட்ட ஆய்வில், மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்ந்திருந்தது. உனக்கோ இருபுறமும் கடைவாய்ப் பற்கள் இல்லாததால், பல்செட்டின் முன்பகுதி பற்களின்மேலும் பின்பகுதி வெறும் ஈறுகளின்மேலும் உட்கார்ந்திருக்கிறது. கடிக்கும்போது பல் மயிரிழை அளவே அமிழும். ஈறு அதைவிட அதிகமாகவே அமுங்கும். எலும்பும் கரைந்து அடியில் இடைவெளி விழுந்துவிட்டால், பின்பகுதி இறங்க இறங்க முன்பகுதி சீசா பலகைபோல் எழும்பும். அந்த இழுப்பு கொக்கி மாட்டிய பல்லின்மேல்தான் விழும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதே. பல் அசைவதற்கு ஈறுநோயும் காரணமாகலாம்; எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்.

இதற்கு ரீலைன் என்று ஒரு வழி உண்டு. பல்செட்டின் கொக்கிகளோடு கூடிய சட்டத்தையும் பற்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஈறைத் தொடும் பரப்பில் மட்டும் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கைப் புதிதாகச் சேர்ப்பார்கள். இது தேவையா என்று பார்க்க, ஆல்ஜினேட் என்னும் அளவெடுக்கும் பொடியைத் தளர்வாகக் கலந்து அடியில் வைத்து, சட்டத்தைப் பற்களின்மேல் அழுத்திப் பிடித்து, இறுகியபின் எடுத்துப் பார்த்தால், அந்தப் படலத்தின் தடிமனிலேயே இடைவெளி தெரிந்துவிடும். ஈறு சிவந்து புண்ணாக இருந்தால் முதலில் அதை ஆற்றிக்கொள்ள வேண்டும். இரவில் பல்செட்டைக் கழற்றி வைத்தாலே பாதி ஆறும்.

அளவெடுக்கும் நேரத்தைத்தான் நீ கவனிக்க வேண்டும். பழைய அக்ரிலிக்கின் அடியைச் சற்றுச் சுரண்டி, அளவுப்பசை தடவி வாயில் வைத்தபின், மருத்துவரின் விரல்கள் பற்களின்மேல் அமரும் உலோகத் தாங்கிகளில் இருக்க வேண்டும்; பசை இறுகும்வரை உன் வாய் திறந்தே இருக்க வேண்டும். பின்பக்க அக்ரிலிக்கை அழுத்தினாலோ, உன்னைக் கடித்துக்கொள்ளச் சொன்னாலோ, சட்டம் இடம்பெயர்ந்த நிலையிலேயே அளவு பதிந்து, பல்செட் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். நன்றாகச் செய்த சட்டங்கள் இந்தச் சில நிமிட அலட்சியத்தால் வீணாவதை என் தொழிலில் நிறையவே பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் கடியையும் சரிபார்த்துத் தேய்த்துத் தர வேண்டும்.

வாயிலேயே இறுகும் அக்ரிலிக் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றாலும் சற்று எரியும், நுண்துளைகளும் விழும். லேபில் சூட்டில் இறுக்குவது உறுதியானது. கடையில் விற்கும் ஒட்டுப்பசையை அடுக்கடுக்காகப் பூசிச் சமாளிக்காதே. பல்செட் சாய்ந்து உட்கார்ந்து, எலும்பு இன்னும் கரையும்.

பல்செட்டைக் கழற்றி அடிப்புறத்தைப் பார்த்து எழுது. ஈறைத் தொடும் பகுதி இளஞ்சிவப்பு அக்ரிலிக்கா, உலோகமா, அல்லது வளையும் நைலானா? அக்ரிலிக் என்றால் ரீலைன் எளிது. நைலானில் அக்ரிலிக் சரியாக ஒட்டாது. அப்படியானால் புதிதாகச் செய்வதுதான் வழி.

அன்புடன்,
உன் பழைய பல் டாக்டர் நண்பன்