99 சதவீதம் என்பது யாருடைய கணக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நொடித்துப்போன கூட்டுறவு வங்கியின் உரிமத்தை இந்திய ரிசர்வ் வங்கி ரத்து செய்யும்போது, ‘போதிய மூலதனமும் வருவாய் ஈட்டும் வாய்ப்பும் இல்லை’ என்ற காரணத்தோடு, வைப்பாளர்களில் இத்தனை சதவீதத்தினருக்கு வைப்புக் காப்பீட்டின் மூலம் முழுத்தொகையும் கிடைக்கும் என்ற வரியும் அறிவிப்பில் இடம்பெறுவது வழக்கம். பல அறிவிப்புகளில் அந்தச் சதவீதம் 99-ஐத் தொடுகிறது. நாளிதழ்களும் அதை அப்படியே வெளியிடுகின்றன. அது பொய்யல்ல. ஆனால் அது தலைக்கணக்கே தவிர, பணக்கணக்கு அல்ல. சில நூறு ரூபாயோடு கேட்பாரற்றுக் கிடக்கும் சேமிப்புக் கணக்கின் உரிமையாளரும், பணிக்கொடை முழுவதையும் நிரந்தர வைப்பில் போட்டுவைத்த ஓய்வூதியரும் அந்தக் கணக்கில் ஆளுக்கு ஒருவர்தான்.

1993 முதல் 1 லட்சம் ரூபாயாகவே இருந்த வைப்புக் காப்பீட்டு வரம்பு (வங்கி நொடித்தால் வைப்பாளர் ஒருவருக்குக் காப்பீடாகக் கிடைக்கும் உச்சத் தொகை) 2020 பிப்ரவரியில் 5 லட்சமாக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்த 5 லட்சம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை வைப்பு ரசீதைக் கையில் கொடுக்கும்போது யாரும் விளக்குவதில்லை. ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் தலா 4 லட்சம் வைத்திருப்பவர் தமது 12 லட்சமும் பத்திரமாக இருப்பதாக நம்புகிறார்; ஒரே பெயரிலும் ஒரே தகுதியிலும் (உதாரணமாக, தனிநபராகவே) உள்ள கணக்குகள் அனைத்தும் ஒன்றாகக் கூட்டப்படுவதால், அவருக்குக் காப்பீடாகக் கிடைப்பது 5 லட்சம் மட்டுமே. வரம்புக்குள் வட்டியும் அடக்கம் என்பதால், அசல் 4,90,000 ரூபாயும் சேர்ந்த வட்டி 30,000 ரூபாயும் உள்ள கணக்கில்கூட 20,000 ரூபாய் வெளியே நின்றுவிடும். அந்த மிச்சத்திற்கு, நொடித்த வங்கியின் சொத்துகளைப் பணமாக்கிப் பாக்கிகளைத் தீர்க்க நியமிக்கப்படும் கலைப்பு அலுவலர் வாராக் கடன்களை வசூலிக்கும் வரை காத்திருக்க வேண்டும்; வசூலாவதிலும், வைப்பாளர்களுக்குக் காப்பீட்டுத் தொகை வழங்கும் வைப்புக் காப்பீட்டுக் கழகம் கொடுத்த தொகையை அதற்குத் திருப்பிய பிறகே இவர்கள் முறை வரும். (கடன் பெற உறுப்பினராகச் சேர்ந்தவர்களின் பங்குத்தொகைக்குக் காப்பீடே கிடையாது என்பது தனிக் கதை.)

உரிமம் ரத்தாவதைவிட அதற்கு முந்தைய காலமே வைப்பாளரை அதிகம் வதைக்கிறது. புனேயின் ரூபீ (Rupee) கூட்டுறவு வங்கியில் பணம் எடுப்பதற்கு 2013-இல் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 2022-இல்தான் அதன் உரிமம் ரத்தானது. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டபோது, தொடக்கத்தில் ஆறு மாதங்களுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, கட்டுப்பாடு விதிக்கப்பட்ட 90 நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகை கிடைக்க வழி பிறந்துள்ளது. அதில் முதல் 45 நாட்கள் வங்கி உரிமைகோரல் பட்டியலைத் தயாரிக்க ஒதுக்கப்பட்டவை. அதற்குள் அடையாளச் சான்றும், வேறொரு வங்கிக் கணக்கின் விவரமும் இணைத்து, காப்பீட்டுத் தொகையைப் பெற ஒப்புதல் படிவம் தரவேண்டும் என்ற செய்தி, கட்டுப்பாட்டைப் பற்றியே அறியாத முதியவர்களை எட்டுவது எப்படி? கிளையின் கதவில் ஒட்டப்படும் ஒரு தாள் போதாது.

எனவே, உரிம ரத்து அறிவிப்பில் முழுத்தொகை பெறுவோரின் சதவீதத்துடன், காப்பீட்டு வரம்புக்கு மேல் சிக்கியுள்ள மொத்தத் தொகை எத்தனை கோடி ரூபாய் என்பதையும் அதே பத்தியில் வெளியிடுமாறு ரிசர்வ் வங்கியைக் கேட்டுக்கொள்கிறேன். ஒப்புதல் படிவத்திற்கான கடைசி நாளை வட்டார மொழி நாளிதழ்களில் விளம்பரமாகவும், வைப்பாளர் ஒவ்வொருவருக்கும் தபாலிலும் தெரிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கலைப்பு அலுவலர் எவ்வளவு வசூலித்தார், யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைக் கூட்டுறவுச் சங்கப் பதிவாளர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பொதுவெளியில் வைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, அந்தச் சதவீதத்திற்கு அருகில் ரூபாய்க் கணக்கையும் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்