2024–25 ஆண்டறிக்கை

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அசாமில், குவாஹாட்டியில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்தில் இந்த வருடமும் பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, கொலு எல்லாவற்றையும் நல்லபடியாக நடத்தினோம். செயற்குழு ஐந்து முறை கூடியது.

அப்புறம், அசாமின் முகா பட்டு எப்படி விளைகிறது என்று பார்க்கப் போன பயணம். "அதுக்கெல்லாம் சங்கம் எதுக்கு" என்று சிலர் கேட்டதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் முகா என்று நம்பி மேகலா சாதர் (அசாமியப் பெண்கள் உடுத்தும் இரண்டு துண்டு உடை) வாங்கிக்கொண்டு போகிறோம், அதில் டசர் என்ற வேறு பட்டு நூலைக் கலந்திருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. நானே ஒரு கடையில் அப்படி ஏமாந்தேன். 2007லேயே புவிசார் குறியீடு வாங்கிய பட்டு, சாயமே போடாமல் பொன்னிறத்தில் வருவது. அது விளையும் மண்ணில் இருந்துகொண்டு நாம் ஏமாறலாமா?

அதனால்தான் நவம்பரில், கூடு எடுக்கும் பருவத்தில், போகோ பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப் போனேன். வீட்டுக்குள் தட்டில் வளர்கிற பட்டுப்புழு இல்லை இது, சோம் என்ற மரத்திலேயே கிடந்து இலை தின்கிறது. காக்கையும் குளவியும் கொத்திக்கொண்டு போகாமல் ஆட்கள் காவல் இருக்கிறார்கள். ஒரு மரத்தில் இலை தீர்ந்தால் விரல் தடிமனுள்ள பச்சைப் புழுக்கள் அடிமரம் வழியாக இறங்கி வருகின்றன, அவற்றை முக்கோண மூங்கில் தட்டில் ஏற்றி அடுத்த மரத்தில் மாட்டிவிடுகிறார்கள். முற்றிய புழு சாயங்காலம் இறங்கும். அதைப் பொறுக்கி, கட்டித் தொங்கவிட்ட சருகுக் கொத்தில் விட்டால் அதற்குள் கூடு கட்டிக்கொள்கிறது. திரும்பும் வழியில், பட்டு நெசவுக்குப் பேர்போன சுவால்குச்சியில் தறிகளையும் பார்த்தோம்.

பெயர் கொடுத்தவர்கள் 38 பேர், வந்தவர்கள் 13 பேர். பஸ்ஸுக்கு முழு வாடகை கொடுத்தாகிவிட்டது. முதல் நாள் இரவு பத்து மணிக்குக்கூட "கண்டிப்பா வர்றோம்" என்றவர்கள் காலையில் போனையே எடுக்கவில்லை. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழ சரிக்குச் சரி, பயணத்தில் மட்டும் கொஞ்சம் கைக்கடி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. 61 குடும்பங்களில் 26 குடும்பங்கள்தான் சந்தா கட்டியிருக்கின்றன. மண்டபம் கொடுத்து உதவியவர்களுக்கும், சாப்பாட்டைக் கவனித்துக்கொண்ட மகளிர் குழுவுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த வருடம் பிள்ளைகளுக்கு எரி என்ற இன்னொரு வகை அசாம் பட்டை நூற்கக் கற்றுக்கொடுக்க ஆசை. நம் ஊரில் வேலியோரம் நிற்கும் அதே ஆமணக்கு இலைதான் அந்தப் புழுவுக்குத் தீனி. கூட்டின் ஒரு முனை திறந்தே இருப்பதால் அந்துப்பூச்சி வெளியேறிய பிறகும் அதைப் பஞ்சு மாதிரி நூற்கலாம். கையால் சுற்றி நூற்கும் தக்ளி வாங்க வேண்டும், கூடு வாங்க வேண்டும், சொல்லித்தர வரும் அம்மாவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். பாக்கியிருக்கும் சந்தா வந்தாலே இதற்குப் போதும். செயலாளர் பொறுப்பை வேறு யார் எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம், இந்த வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். நவம்பரில் மறுபடியும் போகோ போகிறோம். இந்த முறை பஸ் பணத்தை முன்கூட்டியே கட்டியவர்களின் பெயரை மட்டும்தான் எழுதிக்கொள்வோம்.

இப்படிக்கு,
செயலாளர்