யாழ்ப்பாண மருத்துவபீடத்தின் பயிற்சியை வன்னி வைத்தியசாலைகளுக்கும் விரிவாக்கக் கோரும் மனு

பெறுநர்:
கௌரவ சுகாதார அமைச்சர் அவர்கள்,
சுகாதார அமைச்சு, கொழும்பு.

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்,
முல்லைத்தீவு மாவட்டம்.

கௌரவ அமைச்சர் அவர்களே,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978 இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு நெருங்குகிறது. விழாவும் மலரும் புதிய கட்டடமும் வரும், வரட்டும். அதற்கு முன்னால் வன்னியிலிருந்து ஒரு வேண்டுகோள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மருத்துவ மாணவர்கள் தங்கிப் படிப்பதற்கு நிரந்தரப் பயிற்சி அலகுகளை அமைத்துத் தாருங்கள்.

வடக்கில் மேலைத்தேய மருத்துவக் கல்வி 1978 இல் பிறந்ததல்ல. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இளைஞர்களுக்கு மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்கச் சம்பளத்தைத் தேடி வெளியூர் போய்விட, கிராமங்களுக்கு வைத்தியர் இல்லாமல் போனது. அதனால் 1860களில் பயிற்சியைத் தமிழுக்கு மாற்றினார். பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். தமிழில் படித்தவர் ஊரோடு இருப்பார் என்பது அவருடைய கணக்கு. இன்றைக்குத் தமிழில் எம்.பி.பி.எஸ். நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அது நடக்கிற காரியமுமல்ல. ஆனால் படித்தவர் போய்விடுகிறார் என்ற சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பது அமைச்சுக்குத் தெரியாததல்ல.

போர்க்காலத்தில் இந்தப் பீடம் அழியாமல் நின்றதே பெரிய காரியம். 1987 ஒக்டோபர் 21 அன்று இந்தியப் படையினர் யாழ் வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் வைத்தியர்கள், தாதியர், நோயாளிகள் எனப் பலர் இறந்தார்கள். 1989 செப்டெம்பரில் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 இடப்பெயர்வில் நகரமே காலியானது. ஐந்து வருடப் படிப்பு இழுபட்டு இழுபட்டுப் போன காலம் அது. அப்போது படித்து வந்தவர்கள்தான் பிறகு வடக்கின் வைத்தியசாலைகளைத் தாங்கினார்கள். அந்தப் பீடத்தின் மேல் எங்களுக்குள்ள மரியாதை குறைந்ததில்லை. அதனால்தான் உரிமையோடு கேட்கிறோம்.

மாணவர்களின் வாட்டுப் பயிற்சியின் மையம் யாழ் போதனா வைத்தியசாலை. சமூக மருத்துவத்துக்காக அவர்களைக் கிராமங்களுக்கு அனுப்புவதும் உண்டு. நான் கேட்பது அப்படி வந்து பார்த்துவிட்டுப் போவதை அல்ல. பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். குடாநாட்டில் சுருட்டை, எங்கள் வயல்களில் புடையன், இரண்டும் விஷப்பாம்புகள். கடிபட்டவரை வயலிலிருந்து டிரக்டரிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற்றிக் கொண்டுவருவார்கள். வழியில் சிலர் நாட்டு வைத்தியரான பரிசாரியிடம் இறங்கிவிட்டும் வருவார்கள். விஷமுறிவு மருந்தை எப்போது ஏற்றுவது, ஒவ்வாமை வந்தால் என்ன செய்வது, யாரை உடனே மாற்றி அனுப்புவது என்பதெல்லாம் முதல் சில மணித்தியாலங்களுக்குள் தீர்மானமாகிவிடும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாணவர் பார்ப்பது, நூறு கிலோமீற்றருக்கு மேல் அம்புலன்ஸில் வந்துசேர்ந்த நோயாளியை. அந்த முதல் மணித்தியாலங்கள் அவருக்கு, நோயாளியை மாற்றி அனுப்பும் துண்டில் இரண்டு வரி மட்டும்தான். போதாக்குறைக்கு, நாங்கள் பாவிக்கும் விஷமுறிவு மருந்து இந்தியப் பாம்புகளின் விஷத்தை வைத்துத் தயாரிக்கப்படுவது. எங்கள் பாம்புகளுக்கு அது எவ்வளவு கேட்கிறது என்று கடிபட்டவர் முதலில் வந்துசேரும் இடத்தில் வைத்து ஆராய இந்தப் பீடத்தைவிடப் பொருத்தமானவர்கள் வேறு யார்?

வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோய், உடம்பில் இன்னும் ஷெல் துண்டோடு நடமாடுபவர்கள், கால் இழந்து செயற்கைக் காலோடு வயதாகிக்கொண்டிருப்பவர்கள் என்று வன்னியில் படிக்க நிறைய இருக்கிறது. தென்பகுதியிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் படிக்கும் சிங்கள மாணவர்களுக்கும் இது பயன்படும். நோயாளியிடம் வருத்தம் கேட்டறியத் தமிழ் தேவை. சில வாரம் எங்கள் வாட்டுகளில் நின்றால் பாதி மொழி தானாக வந்துவிடும். வன்னி ஆட்கள் பேசாமல் இருக்கமாட்டார்கள்.

வன்னி மாவட்டங்கள் கல்வியில் பின்தங்கியவையாகக் கணக்கெடுக்கப்பட்டு, பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடும் பெறுகின்றன. அப்படி மருத்துவபீடம் போன எங்கள் பிள்ளைகள் படிக்கும்போதே சொந்த மாவட்டத்தின் வாட்டில் நிற்கட்டும். திரும்பி வந்து வேலை செய்ய அவர்களுக்கு அது ஒரு காரணமாக இருக்கும்.

இடைஞ்சல் எங்கே என்று எனக்குத் தெரியும். பல்கலைக்கழகம் ஒரு அமைச்சின் கீழ், போதனா வைத்தியசாலை உங்கள் அமைச்சின் கீழ், மாவட்ட வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். மூன்று பக்கமும் சேர்ந்து உட்காராமல் ஒரு கட்டில்கூட நகராது. அவர்களைக் கூட்டி உட்காரவைக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. முதலில் முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலையில் தொடங்கலாம். இறுதி வருட மாணவர்களுக்கு விடுதி, கற்பிக்கும் வைத்திய நிபுணர்களுக்குத் தங்குமிடம், விரிவுரையாளர் பதவிகள் சிலவற்றுக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் ஆளணி அனுமதி: இவ்வளவு இருந்தால் போதும். விரிவுரையாளர் பதவி முக்கியம். அது இல்லாமல் விடுதியை மட்டும் கட்டினால் அதில் வௌவால்தான் குடியிருக்கும். அப்படிப்பட்ட கட்டடங்கள் இங்கே ஏற்கெனவே உண்டு.

ஆகவே சுகாதார அமைச்சு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, மருத்துவபீடம், வடமாகாண சுகாதாரத் திணைக்களம் ஆகியவற்றின் கூட்டம் ஒன்றை அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் கூட்டுமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் கூட்டத்தைக் கொழும்பில் வைக்காமல் மாஞ்சோலையில் வையுங்கள். எடுத்த முடிவை எழுத்தில் அறியத்தந்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

பிரதிகள்: ஆளுநர், வடமாகாணம், துணைவேந்தர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், பீடாதிபதி, மருத்துவபீடம்.