ஜெர்மனியில் ஆவுஸ்பில்டுங் (தொழிற்பயிற்சி) செய்யும் தம்பி தங்கைகளுக்கு: ஓட்டுப் போட்டால் போதாது, தேர்தலில் நில்லுங்கள்

அன்புத் தம்பி, தங்கைகளே,

2026 அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை ஜெர்மனியின் தனியார் நிறுவனங்களில் இளையோர் மற்றும் தொழில் பழகுநர் பிரதிநிதிகளுக்கான தேர்தல் நடக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அதில் நீங்கள் வேட்பாளராக நிற்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

என்ன பதில் வரும் என்று தெரியும். "அண்ணா, நான் விசாவில் வந்தவன், எனக்கு எதுக்கு வம்பு?" சரி, விசாவிலிருந்தே தொடங்குவோம். நிறுவனத்துக்குள் நடக்கும் தேர்தலுக்கும் கடவுச்சீட்டுக்கும் சம்பந்தமில்லை. எந்த நாட்டுக் குடிமகனும் பெட்ரீப்ஸ்ராட் (ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனப் பிரதிநிதிக் குழு) தேர்தலில் நிற்கலாம் என்பதை 1972-ஆம் ஆண்டுச் சட்டமே உறுதி செய்துவிட்டது. துருக்கியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர்கள் அன்று ஆலைகளை நிரப்பியிருந்தார்கள். இளையோர் தேர்தலிலும் அதே நிலைதான். பெட்ரீப்ஸ்ராட்டில் நிற்க ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும். இங்கே அந்த நிபந்தனைகூடக் கிடையாது. செப்டம்பரில் சேர்ந்தவர் நவம்பரில் நிற்கலாம்.

வயதும் தடையில்லை. முன்பு ஆவுஸ்பில்டுங்கில் இருந்தாலும் 25 வயது தாண்டினால் இந்தத் தேர்தலில் இடமில்லை. 2021 திருத்தம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஊரில் பட்டம் முடித்து, சில ஆண்டுகள் வேலையும் பார்த்துவிட்டு, 28 வயதில் இங்கே முதலிலிருந்து தொடங்குபவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கும் இப்போது ஓட்டு உண்டு, நிற்கும் உரிமையும் உண்டு.

நிறுவனத்தில் பெட்ரீப்ஸ்ராட் இருந்து, பழகுநர்களும் 18 வயதுக்குக் குறைந்தவர்களும் சேர்ந்து ஐந்து பேராவது இருந்தால் தேர்தல் நடத்தலாம். இருபது பேர் வரை ஒரு பிரதிநிதி, ஐம்பது வரை மூவர்.

இந்த இளையோர் பிரதிநிதிகள் நேராக முதலாளியிடம் பேரம் பேசி ஒப்பந்தம் போட முடியாது. எல்லாமே பெட்ரீப்ஸ்ராட் வழியாகத்தான். இதைச் சொல்லாமல் ஆசை காட்டுவது நியாயமில்லை. ஆனால் பெட்ரீப்ஸ்ராட்டின் எல்லாக் கூட்டங்களுக்கும் ஒருவரை அனுப்பலாம். பெரும்பாலும் இளையோரைப் பாதிக்கும் தீர்மானம் என்றால் அவர்களுக்கு அதில் ஓட்டும் உண்டு. ஒரு முடிவு இளையோரின் நலனைப் பெரிதாகப் பாதிக்கிறது என்று இளையோர் பிரதிநிதிகளில் பெரும்பான்மையினர் கருதினால், அதை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைக்கவும் கேட்கலாம்.

அன்றாடத்தில் இது எங்கே உதவும்? பெர்லினிலோ மியூனிக்கிலோ எந்தப் பட்டறையிலும் கேட்கக்கூடிய குறைகளையே பாருங்கள். தொழிற்பள்ளியில் ஐந்து பாடவேளைக்கு மேல் உட்கார்ந்துவிட்டால், வாரத்தில் ஒரு நாள் அதற்குப் பிறகு வேலைக்குத் திரும்ப வேண்டியதில்லை. 2020 முதல் எல்லா வயதினருக்கும் அப்படித்தான், ஆனாலும் கூப்பிடுகிறார்கள். பயிற்சிக் குறிப்பேட்டை வேலையிடத்திலேயே எழுத நேரம் தர வேண்டும். வீட்டில் எழுதச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் கிடங்கைக் கூட்ட வைப்பது பயிற்சியே அல்ல. தனியாள் போய்க் கேட்டால், மொழியும் தடுமாறும்போது, "இவன் பிரச்சினை பண்றான்" என்று ஆகிவிடும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் கேட்டால் அது அவருடைய கடமை. வெளிநாட்டு இளையோர் நிறுவனத்தில் ஒன்றிணைய உதவுவதும் அந்தக் கடமைகளில் ஒன்று என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நம்மைப் பற்றி எழுதிய அந்த வரியை நிறைவேற்றும் நாற்காலியில் நம்மவர் யாராவது இருக்க வேண்டாமா?

அப்புறம் பலரும் அறியாத பாதுகாப்பு ஒன்று. பயிற்சி முடிந்ததும் பிரதிநிதியை வேலையில் வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால், முடிவதற்கு மூன்று மாதம் முன்பே நிறுவனம் சொல்லியாக வேண்டும். சொன்னாலும் சொல்லாவிட்டாலும், கடைசி மூன்று மாதத்துக்குள் அவர் எழுத்தில் கேட்டால் நிரந்தர வேலை அவருக்கு உண்டாகிவிடும். முடியாது என்றால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய்க் காரணம் காட்ட வேண்டியது நிறுவனம்தான். விசா நீட்டிப்பை நினைத்துத் தூக்கம் கெடுபவர்களுக்கு இதன் அருமை புரியும். இதற்காகவே ஒருவர் நின்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன். பிரதிநிதி வேலைக்குச் செலவாகும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. தேவையான வகுப்புகளின் செலவும் நிறுவனத்துடையதே.

செவிலியர் பயிற்சியில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் மருத்துவமனை தேவாலய அமைப்பு நடத்துவது என்றால் நான் சொன்ன சட்டம் அங்கே செல்லாது. அங்கே பணியாளர் பிரதிநிதிக் குழு தனி, விதிகளும் தனி. மாநகராட்சி நேரடியாக நடத்தும் மருத்துவமனைக்கு வேறு சட்டம். முதலில் உங்களுடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றவர்கள் கோடை விடுமுறைக்குப் போகும் முன்பே பெட்ரீப்ஸ்ராட் அறைக்கு ஒரு முறை போய், தேர்தல் குழுவை எப்போது அமைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அதை அமைக்க வேண்டியது அவர்கள்தான். வேட்பாளர் பெயர் கொடுக்கும் கடைசித் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை, அங்கே யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் ஒருவன்