பெட்டிக்குள் இருந்த இன்னொருவருக்கு

அன்புள்ள பெஸ் அம்மா,

வணக்கம். உங்கள் கணவர், கட்டுகளிலிருந்து தப்பிக்கும் வித்தைக்காரர் ஹாரி ஹூடினியைப் பற்றி எழுத வருகிறவர்கள் கைவிலங்கு, சங்கிலி, தண்ணீர்த் தொட்டி என்றுதான் தொடங்குகிறார்கள். எனக்கு அந்த டிரங்குப் பெட்டியிலிருந்து தொடங்கத் தோன்றுகிறது. அதில் பாதி உங்களுடையது.

'உருமாற்றம்' என்று நீங்கள் பெயர் வைத்திருந்த அந்த வித்தையில் முதலில் ஹூடினியின் கைகளைக் கட்டுவார்கள். சாக்குக்குள் இறக்கி வாயை முடிந்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, மேலே கயிறும் சுற்றுவார்கள். நீங்கள் திரைக்குப் பக்கத்தில் நின்று மூன்று முறை கைதட்டுவீர்கள். மூன்றாவது தட்டில் திரை விலகும்போது அங்கே நிற்பவர் அவர். பூட்டைத் திறந்து சாக்கை அவிழ்த்தால் உள்ளே கைகட்டோடு நீங்கள்! அவர் எப்படி வெளியே வந்தார் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அதே சில நொடிகளில் நீங்கள் எப்படி உள்ளே போனீர்கள் என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கென்னவோ உள்ளே போவதுதான் கடினமான பாதி என்று படுகிறது. முதலில் அவர் தன் தம்பி தியோவோடு செய்துகொண்டிருந்த வித்தை அது. சின்ன உருவமும் சுறுசுறுப்புமாக நீங்கள் வந்த பிறகுதான் அதற்கு அந்த வேகம் கிடைத்தது.

நீங்கள் இருவரும் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டது 1894இல். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் பாடி ஆடிக்கொண்டிருந்த, ஜெர்மன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் நீங்கள். அவரோ யூத மதகுருவின் மகன், இருபது வயது. உங்கள் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. ஹூடினி என்ற பெயரே அப்போது புதிது. 1874இல் புடாபெஸ்டில் பிறந்த எரிக் வைஸ், பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட் ஹூடின்மீது இருந்த பக்தியில் தன்னை ஹூடினி ஆக்கிக்கொண்டார். (பிற்பாடு 1908இல் அதே ராபர்ட் ஹூடினைத் தோலுரிக்கிறேன் என்று ஒரு புத்தகமே போட்டார். பக்தி முற்றினால் இப்படியும் ஆகும் போல.) விஸ்கான்சினில் இருக்கும் ஆப்பிள்டன்தான் பிறந்த ஊர் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டார். வேலை போன மதகுருவின் பிள்ளையாக, நியூயார்க்கில் கழுத்துப்பட்டித் தொழிற்சாலையில் துணி வெட்டியவர் அவர். பிறந்த ஊரை மாற்றிச் சொன்னதை நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஐந்து வருஷம் உங்கள் இருவருக்கும் சோதனைக் காலம். பத்து சென்ட் கட்டணக் காட்சிக்கூடங்கள், சர்க்கஸ், அப்புறம் கன்சாஸ் பக்கம் மருந்து விற்கும் கூட்டத்தோடு ஊர் ஊராக. கூட்டம் சேர்க்க அங்கே ஆவியோடு பேசுகிற நாடகமும் நடத்தினீர்கள். கல்லறைப் பெயர்களையும் ஊர்வம்பையும் முன்னாலேயே தெரிந்துவைத்துக்கொண்டு, இறந்தவர் பேசுவதாக அவர் சொல்வார். உட்கார்ந்திருப்பவர்கள் அழுவார்கள். அந்த அழுகையைப் பார்த்த உறுத்தல் பின்னாளில் பெரிய கோபமாகத் திரும்பி வந்ததை அருகிலிருந்து பார்த்தவர் நீங்கள்.

1899இல் செயின்ட் பால் நகரில் அவரைப் பார்த்த மேடைக் காட்சி ஏற்பாட்டாளர் மார்ட்டின் பெக், சீட்டு, புறா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு விலங்கிலிருந்து விடுபடுவதை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த வருஷமே ஐரோப்பா. 1902இல் கொலோன் நகர நீதிமன்றத்தில், தன்னை ஏமாற்றுக்காரர் என்ற போலீஸ்காரர்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1903இல் மாஸ்கோவில், சைபீரியாவுக்குக் கைதிகளை ஏற்றிப்போகும் வண்டியிலிருந்து வெளியே வந்தார்.

எனக்கு இதிலெல்லாம் பிடித்தது 1904 மார்ச் 17. லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கில் சுமார் 4,000 பேர். டெய்லி மிரர் பத்திரிகை ஒரு கைவிலங்கோடு வந்திருந்தது. பர்மிங்காம் பூட்டுக்கொல்லர் ஒருவர் ஐந்து வருஷம் உழைத்துச் செய்ததாம். ஹூடினி சின்னத் திரைமறைவுக்குள் போனார். இசைக்குழு வாசித்தது. நேரம் ஓடியது. ஒரு தடவை பூட்டை வெளிச்சத்தில் பார்க்க வந்தார், திரும்பப் போனார். முழங்கால் வலிக்கிறது என்று மெத்தை வாங்கிக்கொண்டார். பிறகு கோட்டைக் கழற்றுவதற்காக விலங்கைக் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னார். பத்திரிகைக்காரர் மறுத்ததும், பேனாக்கத்தியை எடுத்துப் பல்லால் விரித்து, கோட்டைத் தலைக்குமேல் இழுத்துத் துண்டு துண்டாக வெட்டி எறிந்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகு கைகள் விடுபட்டு வெளியே வந்தார், அழுதார்.

இந்தக் கதையில் உங்களுக்கும் ஒரு பங்கு சொல்வார்கள். சாவியை முத்தத்தில் கொடுத்தீர்கள், தண்ணீர் டம்ளரில் கொடுத்தீர்கள், இப்படிப் பல. பதில் வேண்டாம், அது தொழில் ரகசியம். எனக்கு வியப்பு வேறு இடத்தில். அந்த 4,000 பேர் ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு துணியை! மேடையில் எதுவும் நடக்கவில்லை. பார்க்க ஒன்றுமே இல்லாத நேரத்தைக் காசு கொடுத்துப் பார்க்க வைத்தவர் உங்கள் கணவர். காத்திருப்பைத்தான் அவர் விற்றார் என்று நினைக்கிறேன். 1908இல் வந்த பால் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரம்பிய கேனுக்குள் அவர் இறங்குவதற்கு முன், பார்ப்பவர்களையும் கூடவே மூச்சை அடக்கச் சொல்வார். அவர்கள் தோற்று மூச்சுவிட்ட பிறகும் திரை அசையாது. 1912இல் பெர்லினில் தொடங்கிய தண்ணீர்ச் சித்திரவதைத் தொட்டியில் காலைப் பூட்டித் தலைகீழாக இறக்கினார்கள். அங்கேயும் முக்கியமான நேரத்தில் திரை மூடியிருக்கும். பைத்தியக்கார விடுதிகளில் மாட்டும் கைகட்டுச் சட்டை மட்டும் இதற்கு விலக்கு. திரையில்லாமல் எல்லோர் கண்ணெதிரிலும் உருண்டு புரண்டு கழற்றினால்தான் கூட்டத்துக்குப் பிடிக்கிறது என்று கண்டவர், ஹார்டீன் என்ற பெயரில் மேடையேறிய தம்பி தியோ. அதற்கான பாராட்டு அவருக்குப் போகட்டும்.

1913இல் அவருடைய அம்மா இறந்தபோது அவர் கோபன்ஹேகனில் இருந்தார். அதிலிருந்து அவர் மீளவே இல்லை என்கிறார்கள். 1922இல் அட்லாண்டிக் சிட்டியில், ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலின் மனைவி, அந்த அம்மாவின் ஆவி சொல்வதாகப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். மேலே ஒரு சிலுவை, கீழே ஆங்கிலம். யூத மதகுருவின் மனைவி சிலுவை போடுவாரா? மகனோடு ஜெர்மன் பேசியவர் ஆங்கிலத்திலா எழுதுவார்? போதாததற்கு அன்று அவருடைய பிறந்தநாள். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நீங்களும் சும்மா இருக்கவில்லை. முந்தின இரவு டாயில் அம்மையாரிடம் மாமியாரைப் பற்றி விரிவாகப் பேசியிருந்ததை, உங்கள் பழைய மேடைச் சங்கேதத்தில், மற்றவர்கள் இருக்கும்போதே கணவருக்குத் தெரிவித்துவிட்டீர்கள். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அதன் பிறகு அவர் போலி ஆவிக்காரர்களைத் துரத்தியது உலகமே அறிந்தது. 1926இல் குறிசொல்பவர்களுக்கு எதிரான சட்டத்துக்காக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய் நின்றார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் நீங்கள் பிராவிடன்ஸில் படுத்துவிட, தூங்காமல் உங்களைப் பார்த்துக்கொண்டார். ஆல்பனியில் தொட்டிக் காட்சியில் கணுக்கால் முறிந்தது. மாண்ட்ரியாலில் ஒரு மாணவர் வயிற்றில் குத்தினார். டெட்ராய்ட்டில் 104 டிகிரி காய்ச்சலோடு மேடையேறினார். குடல்வால் வெடித்து விஷம் பரவியிருந்தது. அக்டோபர் 31, வயது 52.

இனி என் மனக்குறை. இறந்தபின் தன்னால் பேச முடிந்தால் சொல்வதாக, அவர் உங்களிடம் ஒரு செய்தியை விட்டுப்போனார். நீங்கள் முதலில் பாடிய 'ரோசாபெல்' பாட்டின் பெயர், அப்புறம் உங்கள் சங்கேதச் சொற்கள். 'ஆன்ஸர்' என்றால் 2, 'டெல்' என்றால் 5, 'லுக்' என்றால் 9. எண்ணை எழுத்தாக்கினால் 'பிலீவ்', அதாவது 'நம்பு'. போலிகளைப் பிடிக்க அருமையான பொறி என்று எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் விலங்குகளை அவ்வளவு சோதித்துப் பார்ப்பவர், இந்தப் பூட்டுக்கு மட்டும் ஒரே காவலாளியாகத் துக்கத்தில் இருக்கும் மனைவியை வைத்தார். நடுவரும் நீங்களே, வாதியும் நீங்களே, சந்தேகம் வந்தால் குற்றவாளியும் நீங்களே.

நடந்ததும் அதுதான். 1929 ஜனவரியில் ஆர்தர் ஃபோர்டு என்ற ஆவிக்காரர் உங்கள் வீட்டில் அந்தச் செய்தியைச் சொன்னார். உடல்நலமில்லாமல் இருந்த நீங்கள் அது சரியென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். உடனே ஊரே உங்களைச் சந்தேகித்தது. நீங்களும் அவரும் சேர்ந்து செய்த சதி என்றார்கள். சங்கேதம் முந்தைய ஆண்டு வெளிவந்த ஹூடினியின் வாழ்க்கை வரலாற்றிலேயே அச்சாகியிருந்தது. நீங்கள் அணிந்திருந்த மோதிரத்தின் உள்பக்கம் அந்தப் பாட்டு பொறித்திருந்தது. கசியும் வழிகளுக்கா பஞ்சம்? பிறகு அந்தக் கையெழுத்தை நீங்களே மறுத்தீர்கள். நிலையில்லாதவர் என்று அதற்கும் பேசினார்கள்.

1936 வரை ஒவ்வொரு அக்டோபர் 31 அன்றும் காத்திருந்தீர்கள். கடைசியாக ஹாலிவுட்டில் நிக்கர்பாக்கர் ஹோட்டலின் மொட்டைமாடியில் கூட்டம் கூட்டி, வரவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னீர்கள். வந்துவிட்டார் என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். ஆவிக்காரர்கள் உங்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்பார்கள், வருமானமும் வந்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை. ஆவிக்காரர்களை எதிர்த்து அவர் எழுதிய புத்தகத்தைவிட, நாடாளுமன்றத்தில் பேசியதைவிட, அவர் கட்சிக்கு அன்று நீங்கள் சொன்னது பெரிய சாட்சி என்பது என் எண்ணம். அந்தச் சாட்சியத்துக்காக உங்களைப் பத்து வருஷம் காக்க வைத்திருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதில் அவரோடு எனக்குச் சண்டைதான்.

மரியாதையுடன்,
உங்கள் வாசகன்