அப்பத்தாவின் பெட்டியைக் காலி செய்யும் முன்

அன்புள்ள மாப்ள,

அப்பத்தா போன சேதி கிடைத்தது. கல்யாணச் சாவு என்று ஊரே சொல்லியிருக்கும். கொட்டும் பந்தலும் அமர்க்களமாக இருந்ததாகக் கேள்விப்பட்டேன். அழுவதற்குக்கூட உனக்கு நேரம் கிடைத்திருக்காது.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. கருமாதிக்கு வெள்ளையடிக்கிறோம், வீடு கழுவுகிறோம் என்று அப்பத்தாவின் பெட்டியை யாரும் காலி செய்துவிடாமல் பார்த்துக்கொள். அதில் இருப்பவை இன்னதென்று சொல்லத் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் கூடுவது அந்தப் பதினாறாம் நாள் ஒன்றுதான். அதற்கப்புறம் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த கூட்டத்துக்குள் அவர்களிலும் இரண்டொருவர் குறைந்துவிடுவார்கள்.

முதலில் போட்டோக்கள். பழைய குரூப் போட்டோவில் பின்வரிசையில் நிற்பது யாரென்று சொல்ல அப்பத்தாவின் ஒத்த வயதுக்காரர்களை விட்டால் ஆளில்லை. படத்தை அவர்கள் கையில் கொடுத்து, போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுவிட்டுப் பேச்சுக் கொடு. ‘இது யாரு?’ என்று கேட்டால் ஒரு பெயரோடு நின்றுவிடும். ‘இந்தச் சேலை எந்த விசேஷத்துக்கு எடுத்தது?’ என்று கேட்டால் சண்டை சச்சரவு உட்பட எல்லாம் வரும். பெயர்களைப் படத்தின் பின்பக்கம், ஓரமாக, 4பி மாதிரி மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுது. பால்பாயின்ட் பேனா ஆகாது. அழுத்திய தடம் முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும், மையும் மேலே அடுக்கிய படத்தில் ஒட்டும். கலர் பிரிண்டின் வழவழப்பான முதுகில் பென்சில் ஏறாது, அதை ஒரு காகித உறையில் போட்டு உறைமேல் எழுதிவிடு.

சட்டம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம். மழைக்கால ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனரில் தெளிவை 600 டிபிஐ வைத்தால் போதும், பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு மட்டும் 1200 வை. நடுவீட்டில் மாலை போட்டு மாட்டுவது நகலாகவே இருக்கட்டும். பூமாலையின் ஈரம் சட்டத்துக்குள் இறங்கும், சன்னல் வெயில் முகத்தை வெளுக்கவைக்கும். நிறைய வீடுகளில் இருக்கிற ஒரே படம் கெட்டது இப்படித்தான்.

அடுத்தது குரல். எனக்குப் போட்டோவைவிட இதுதான் பெரிது. கல்யாணம், காதுகுத்து என்று பதிந்த கேசட்டுகள் பரணில் கிடக்கும். எடுத்ததும் பிளேயரில் போடாதே. உள்ளே நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், அதைத் தனியே வைத்துவிடு. சுத்தமாக இருந்தால் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடு, தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பேச்சு அழியாது. பிறகு ஒருமுறை முழுக்க ஓட்டித் திருப்பிச் சுற்று, இறுகிக் கிடந்த நாடா தளரும். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடை. சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருந்தால், கேசட்டின் வாயில் இருக்கும் குட்டிப் பஞ்சுத் திண்டு உதிர்ந்திருக்கிறதா பார். வேறொரு பழைய கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். 90 நிமிட சி-90 நாடா 60 நிமிட சி-60ஐவிட மெல்லியது, அடிக்கடி நிறுத்தித் திருப்பாதே. ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் கொடுத்து சுருக்காத வேவ் கோப்பாகவே பதி. எம்பி3 பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

அப்பத்தாவின் போனை யாராவது ரீசெட் செய்து பிள்ளைகளிடம் கொடுத்துவிடப் போகிறார்கள்! பேரன் பேத்திகளுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் எல்லாம் அதற்குள் இருக்கிறது. 90 நாள் பயன்பாடு இல்லாத சிம் நின்றுபோகலாம், பிறகு அந்த எண் வேறொருவர் கைக்குப் போகும். 120 நாள் திறக்காவிட்டால் வாட்ஸ்அப் கணக்கும் அழிக்கப்படலாம். அதற்குள் ஒவ்வொரு சாட்டையும் மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்து இரண்டு இடத்தில் வை.

சமையலுக்கு வருகிறேன். அப்பத்தாவின் குழம்புப் பொடிக்கு அளவு என்னவென்று கேட்டால் உன் அத்தைமார் ‘அரை உழக்கு மல்லி, ஒரு கை மொளகா’ என்பார்கள். 1 படிக்கு 4 உழக்கு, 8 ஆழாக்கு என்பது சரிதான். ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறும். ஆகவே அந்த வீட்டு உழக்கை விட்டுவிடாதே. தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுத்தால், எத்தனை கிராமோ அத்தனை மில்லி. கைக்கணக்குக்கு, அப்பத்தாவோடு அடுப்படியில் நின்ற அத்தையை அள்ளிப் போடச் சொல்லி ஐந்து முறை நிறுத்துச் சராசரி எடு. எழுத்தில் பிடிபடாதது வறுக்கும் பதம். மல்லி எப்போது வாசம் விட்டது, வெந்தயம் எந்த நிறத்தில் இறங்கியது என்பதை வீடியோ எடுக்கத்தான் வேண்டும். வெந்தயம் கருகினால் பொடி முழுக்கக் கசக்கும், அளவில் தப்பு என்று அத்தையைக் கோபித்துக்கொள்ளாதே.

ஊறுகாய்ப் பரணியில் உப்பு நார்த்தங்காய் மீதி இருந்தால் ஈரக் கரண்டி படாமல் பார். கருத்துப்போனதைக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவார்கள். நன்றாகக் காய்ந்த நார்த்தங்காய் வருஷக்கணக்கில் நிற்கும், கருப்பது இயல்பு.

அப்பத்தாவின் காதுநகையான தண்டட்டியைப் பங்கு வைப்பதற்கு முன் ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடு. உள்ளே அரக்கு நிரப்பியது, வெந்நீரில் போட்டுக் கழுவினால் இளகிவிடும். உருக்கினால் அரக்கு எடை கழிந்துதான் தங்கம் வரும் என்பதையும் பங்காளிகளுக்கு முன்னாலேயே சொல்லிவிடு, பிறகு ஆசாரி திருடிவிட்டான் என்பார்கள்.

பட்டுப்புடவையைப் ‘பழைய ஜரிகை வாங்குறோம்’ என்று வருகிறவரிடம் தூக்கிக் கொடுக்காதே. அவருக்கு வேண்டியது எரித்தால் மிஞ்சும் வெள்ளி மட்டும். ஜரிகை உட்பக்கம் வருமாறு மடித்து, துவைத்த வெள்ளை வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று. ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். ரப்பர் பேண்டும் பாச்சை உருண்டையும் ஜரிகையில் படக்கூடாது. பாச்சைக்கு வசம்புத் துண்டு போதும். நூல் சேலைகளை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். சல்லடையாகத் தெரிந்தால் தூளிக்கு வேண்டாம், பிள்ளை விழும். அதைப் போர்வையாகத் தைத்துக்கொள்ளலாம்.

காகித வேலையையும் மறந்துவிடாதே. வீட்டில் நடந்த சாவை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு கேட்பார்கள். ஆதாரில் ஒரு ‘லெட்சுமி’, பட்டாவில் ஒரு ‘லட்சுமி’ என்று இருந்தால், எந்த எழுத்து என்பதைப் பதியும் முன்பே முடிவு செய். பிறகு திருத்துவதற்கு அலைச்சல் அதிகம்.

கருமாதிக்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன். டேப் ரெக்கார்டரும் தராசும் என்னிடம் இருக்கின்றன. பென்சில் மட்டும் வாங்கி வை.

அன்புடன்,
உன் மாப்ள